‘வெயிலே வேணாம்க்கா’ என்று விற்கிற கள்ளிச்செடி: புதுச்சேரிக்காரர்கள் கவனத்துக்கு

வீட்டுக்குள் வைக்கக் கள்ளிச்செடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நர்சரியில் எனக்கு நடந்தது இது. பெயர் எழுதவில்லை. இதே பேச்சைப் பேசி விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன, கவனிக்க வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்து அலமாரியில் வைக்க ஒரு செடி வேண்டும் என்றேன். கடையில் இருந்த தம்பி நேராகக் கள்ளிகள் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார். “இதுக்கு வெயிலே வேணாம்க்கா. ஏசி ரூம்ல கூட ஜம்முனு நிக்கும். வாரத்துக்கு ஒரு மூடி தண்ணி, அவ்ளோதான்.” பாலைவனத்துச் செடிக்கு வெயில் வேண்டாமா என்று கேட்டேன். “அது அங்க வளர்றதுக்கா. இது இன்டோர் வெரைட்டி, இதுக்குன்னே ரெடி பண்ணது” என்று அடித்துச் சொன்னார். தங்க நிற முள்ளோடு உருண்டையாக ஒன்று, தலையில் மஞ்சள் பூவோடு ஒன்று, பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை வைத்தது ஒன்று. பீங்கான் தொட்டியோடு 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினார்கள்.

இன்டோர் வெரைட்டி என்று பாலைவனக் கள்ளியில் எதுவும் கிடையாது. அந்தத் தங்க முள் கள்ளி மெக்சிகோ நாட்டின் கெரேத்தரோ பக்கத்துப் பாறைச் சரிவுகளைச் சேர்ந்தது. யார் எந்த நர்சரியில் வளர்த்தாலும் அதன் தேவை மாறாது. தினமும் நாலைந்து மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். மதியம் நம் மொட்டைமாடியில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஹாலில் ட்யூப் லைட் எரிந்தாலும் அலமாரிப் பக்கம் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சட்டென்று பழகிக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செடிக்கு அது பட்டினி. கள்ளியின் உடம்பு முழுக்கச் சேமிப்பு என்பதால் உடனே வாடாது, மாதக்கணக்கில் நன்றாக இருப்பது போலவே தெரியும். விற்றவருக்கு வசதியே அதுதான், செடி கெடுவது தெரியும்போது வாங்கிய நாள் பழைய கதையாகிவிடும்.

தங்க முள் கள்ளியில் முதலில் மாறியது உச்சி. அடிப்பாகம் கரும்பச்சையாக அப்படியே இருக்க, மேலே புதிதாக வந்த சதை மட்டும் வெளிறி, கூம்பி, ஜன்னல் இருந்த திசைக்குச் சாய்ந்துகொண்டு வந்தது. பழைய முட்கள் தடித்து வளைந்திருந்தன. புது முட்கள் நூல் மாதிரி, இடைவெளி விட்டு முளைத்திருந்தன. இப்படிக் கூம்பிய இடம் பிறகு எவ்வளவு வெயில் காட்டினாலும் பழையபடி உருண்டையாகாது. அதற்கு மேல் வருகிற வளர்ச்சிதான் சரியாக வரும்.

இதைவிடக் கோபம் வந்தது அந்த மஞ்சள் பூவைப் பார்த்துத்தான். கள்ளிப்பூ பெரும்பாலும் ஓரிரு நாள், மிஞ்சினால் சில நாள் நிற்கும். இது மாதக்கணக்கில் வாடவே இல்லை. தொட்டுப் பார்த்தால் காகிதம் போலச் சரசரத்தது. பல் குச்சியால் மெல்ல நெம்பினேன். அடியில் கண்ணாடி போலக் காய்ந்த பசை, க்ளூ கன்னில் சூடாக ஒட்டியது. பசையோடு கள்ளியின் தோலும் உரிந்து வந்தது. கள்ளி வளர்வது அந்த உச்சிப் புள்ளியில்தான். அதன்மேல் கொதிக்கிற பசையை வைத்து, எங்கோ பூத்த பூவைக் காயவைத்து ஒட்டி, பூக்கும் செடி என்று விலை வைத்திருக்கிறார்கள். இது பச்சை ஏமாற்று.

சிவப்புத் தலைக்காரன் கதை வேறு. அந்தச் சிவப்பு உருண்டையில் பச்சையம் கிடையாது, தனக்கு உணவு தானே தயாரிக்க முடியாது. டிராகன் பழக் கொடியின் தண்டில் ஒட்டுக்கட்டித்தான் அதை உயிரோடு வைத்திருப்பார்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சி வெயிலைத் தாங்காது. தங்க முள்ளுக்கு ஒரு விதம், இதற்கு வேறு விதம் என்று வெளிச்சம் தேவைப்பட, கடையில் எனக்குச் சொன்னது ஒரே பொய்.

சரி, கேட்டுவிடலாம் என்று தங்க முள் கள்ளியை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை கடையில் பெரியவர் ஒருவர் இருந்தார். “வெயில் பத்தலைம்மா. மொட்டைமாடில கொண்டுபோய் வெச்சிடுங்க, ஒரே வாரத்துல தேறிடும்” என்றார். வெயிலே வேண்டாம் என்று உங்கள் ஆள் சொன்னாரே என்றதற்குப் பதில் இல்லை. கத்திரி வெயில் நேரம். அவர் சொன்னபடி மாடியில் வைத்தேன். அந்த வாரத்துக்குள் மேற்குப் பார்த்த பக்கம் முழுக்கத் தோல் வெளுத்து, பிறகு பழுப்பாகி, தக்கை மாதிரி காய்ந்துபோனது. மறுபடி கேட்டால், “நீங்க தண்ணி அதிகமா ஊத்தியிருப்பீங்க.” பணமும் கிடையாது, மாற்றுச் செடியும் கிடையாது. அதோடு செடிக்கு வெளிச்சம் தரும் என்று ஹாலில் மாட்ட ஊதா நிற பல்பு ஒன்றை வேறு நீட்டினார்கள்.

அரியாங்குப்பத்தில் என் சித்தி மாடி நிறையக் கள்ளி வைத்திருக்கிறார். செடியைப் பார்த்ததும், “ஏம்மா, பச்ச வலைக்குள்ள வளந்தத கொண்டாந்து அப்படியே கத்திரி வெயில்ல வெச்சா வெந்துதான் போவும்” என்றார். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது, அவர் கடையிலேயே எல்லாம் நிழல்வலைக்கு அடியில்தான் இருக்கிறது. நிழலில் வளர்ந்த தோலில் வெயிலைத் தடுக்கிற பூச்சும் நிறமியும் குறைவு. மற்ற செடிகள் பகலில் இலைத்துளை வழியாக நீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கள்ளி துளைகளைத் திறப்பது இரவில்தான், பகலில் அந்த வழி அதற்கு இல்லை. பாலைவனத்திலேயே கூட, அரிசோனாவின் சஹுவாரோ என்ற மாபெரும் கள்ளி, குட்டியாக இருக்கும்போது ஏதாவது மரம் புதரின் நிழலில்தான் பிழைக்கிறது.

இணையத்தில் ‘தெற்கு ஜன்னலில் வையுங்கள்’ என்று படித்திருப்பீர்கள். அது ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்துக்குச் சொன்னது. புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் பின்பாதியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அப்புறம் ஆகஸ்ட் பின்பாதி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயிலே வராது. ஐப்பசி முதல் மாசி வரை தெற்கு நல்லது, மழை விட்ட நாட்களில் வெயில் அறைக்குள் நீளமாக விழும். வருஷம் முழுக்க நம்பலாம் என்றால் கிழக்கு ஜன்னல்தான், அதுவும் கண்ணாடியை ஒட்டி. இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் படுத்துவிடும்.

ஜன்னல் வசதியே இல்லாதவர்கள் வெள்ளை எல்.இ.டி. விளக்கை ஓர் அடிக்குள், தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். உத்தரத்தில் மாட்டினால் பயனில்லை, தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசிக்குப் போய்விடும். இரவில் அணைத்தே ஆக வேண்டும், கள்ளி துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுப்பது அப்போதுதான்.

வாங்கப் போகும்போது பூவின் அடியைப் பாருங்கள். மேலே பரப்பிய கூழாங்கல் அசைகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள், அதையும் பசையிட்டு ஒட்டுகிறார்கள், உள்ளே மண் ஈரமா என்றே தெரியாது. நீலம், ரோஸ் என்று சாயம் அடித்த கள்ளியை வாங்கவே வாங்காதீர்கள், சாயம் வெளிச்சத்தை மறைக்கும். வலைக்குள் இருந்ததா வெயிலில் இருந்ததா என்று கேட்டு, வீட்டிலும் அதே பக்கம் வெயிலைப் பார்க்கும்படி வைக்க, வெயில் பார்த்த பக்கத்தைத் தொட்டியில் சாக்பீஸால் குறித்துக்கொண்டு வாருங்கள். பில் கட்டாயம் கேளுங்கள், செடியின் பெயர் எழுதிய பில். எனக்குக் கொடுத்தது தொகை மட்டும் கிறுக்கிய துண்டுச் சீட்டு, அதை வைத்துக்கொண்டு வாதாட முடியவில்லை. பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம்.

ஏற்கெனவே வாங்கி ஹாலில் வைத்திருப்பவர்கள் பதறிப்போய் இன்றே மாடிக்குத் தூக்க வேண்டாம். முதல் வாரம் காலை வெயில் ஒரு மணி நேரம் காட்டி உள்ளே எடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று நான்கு வாரத்தில் காலை வெயில் முழுக்கப் படும்படி கொண்டுவாருங்கள். சித்திரை, வைகாசியில் 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வெளிச்சம் புகும் பாலிகார்பனேட் ஷீட்டுக்கு அடியில் வைத்தால் போதும், உள்ளே கொண்டுவரத் தேவையில்லை. இடையில் தோல் எங்காவது வெளுக்கத் தொடங்கினால் அன்றைக்கே நிழலுக்கு இழுத்துவிடுங்கள். வெளுத்த இடத்தை உரிக்கவோ, குளிரட்டும் என்று தண்ணீர் ஊற்றவோ கூடாது. தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும் வரை செடிக்கு ஆபத்தில்லை, கொழகொழவென்று அமுங்கினால்தான் அழுகல்.