சின்ன டிரோன்ல ஜிபிஎஸ்ஸ எங்க வைக்கிறது: எம்10 மினி மாட்யூலும் டிபியு வால் மவுண்டும், ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

நம்மளோடது 3 இன்ச் ப்ரொப்பெல்லர் போட்ட எஃப்பிவி டிரோன் (அதோட கேமரா வீடியோவ லைவ்வா பாத்துட்டே ஓட்டறது), சொந்தமா அசெம்பிள் பண்ணுனது, 4எஸ் (நாலு செல்) 650 எம்ஏஎச் லிப்போ பேட்டரியோட, ஜிபிஎஸ் இல்லாம 241 கிராம். இத்துனூண்டுக்கு எதுக்குடா ஜிபிஎஸ்னு நானும் நக்கலடிச்சிட்டு தான் இருந்தேன். உடுமலை பக்கம் ஃப்ரெண்டு தோப்புல ஒரு நாள் வீடியோ கட்டாகி டிரோன் எங்கயோ போய் விழுந்துருச்சு, தென்ன ஓலைக்கு நடுவுல பீப்பர் சத்தம் கேக்குதான்னு ரெண்டு மணி நேரம் காதைத் தீட்டிக்கிட்டு நடந்தோம், கடைசில பக்கத்து தோட்டத்து அக்கா எடுத்து திண்ணைல வெச்சிருந்தாங்க, "இது உங்குளுதுங்களா தம்பி, கொய்யுனு கத்திட்டே கெடந்துச்சு"ன்னாங்க. அன்னைக்கு நைட்டே ஆர்டர் போட்டாச்சு.

வாங்குனது யுப்ளாக்ஸ் கம்பெனியோட எம்10 ஜிபிஎஸ் சிப் போட்ட மினி மாட்யூல், காம்பஸ் இல்லாதது, 3 கிராம் சொச்சம், 1,200 ரூபா கிட்ட ஆச்சு. டிபியுல (ரப்பர் மாதிரி வளையற பிளாஸ்டிக்) பிரிண்ட் பண்ணுன வால் மவுண்ட் தனியா 150. பிராண்ட் பேரு கேக்காதீங்க, இதே சிப்ப போட்டு பத்து பேரு விக்கிறாங்க, உள்ள இருக்கறது கிட்டத்தட்ட ஒன்னுதான். இந்த சிப்பு ஜிபிஎஸ், க்ளோனாஸ், கலிலியோ, பெய்டூ நாலையும் ஒரே நேரத்துல புடிக்கும், அதுல குறையே இல்ல. ஆனா பெட்டில வந்த கேபிள்ல செவப்பு ஒயரு 5 வோல்ட் பின்ல இல்ல, கிரவுண்ட் பின்ல இருந்துச்சு! ஒயர் கலர நம்பி சால்டர் வெச்சிருந்தா மொத நாளே பொகை தான். மல்டிமீட்டர் இல்லாம இதத் தொடாதீங்க.

சரி விஷயத்துக்கு வரேன். ரிவ்யூல பாதி பேரு "வேஸ்ட், 5 சேட்டிலைட்டுக்கு மேல ஏறல"ன்னு 1 ஸ்டார் போட்டிருக்காங்க, மீதி பேரு சூப்பர்னு 5 ஸ்டார். ரெண்டுமே உண்மைதான், எங்க ஒட்டுனோம்ங்கறதுல தான் எல்லாமே இருக்கு. நான் அதே மாட்யூல டிரோன்ல நாலு எடத்துல மாத்தி மாத்தி வெச்சு மொட்டை மாடில டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்.

மொதல்ல டாப் பிளேட்டுக்கு அடில, டிரோனுக்கு மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டு மேல. பாக்க நீட்டா இருந்துச்சு, அடியும் படாது. பத்து நிமிஷம் ஆகியும் 4, 5 தாண்டல. கார்பன் ஃபைபர் கரண்ட கடத்தற சாமான், சிக்னலுக்கு அது தகர ஷெட்டு மாதிரி, அதுக்கு மேல பேட்டரி வேற படுத்துட்டு இருக்கு. 20,000 கிலோமீட்டருக்கு மேல இருந்து வர்ற சிக்னல், கீழ வரும்போதே ஈன ஸ்வரத்துல தான் வருது, அதுக்கு ரெண்டு கூரை போட்டா எப்படி கேக்கும்.

ரெண்டாவது மூக்குல, கேமராவுக்கு மேல. இங்க தான் ஒரு வேடிக்கை. ஜிபிஎஸ்ஸ நான் போர்டுல யுஎஸ்பி கரண்ட்லயும் வேல செய்யற 4வி5 பேட்ல சால்டர் பண்ணிருக்கேன், அதனால யுஎஸ்பி சொருகுனாலே அது உசுரு வந்துரும், விடிஎக்ஸ் (வீடியோ அனுப்பற டிரான்ஸ்மிட்டர்) ஆன் ஆகாது. யுஎஸ்பில மட்டும் 14 சேட்டிலைட் காட்டுச்சு, ஆகா செட்டாயிருச்சுன்னு லிப்போவ சொருகுனேன், டிஜிட்டல் வீடியோ பூட் ஆக ஆக 14, 12, 9, 8னு கண்ணு முன்னாடியே எறங்குது. டிரோன் செட்டிங்ஸ் பண்ற பீட்டாஃப்ளைட் கான்ஃபிகரேட்டர் சாஃப்ட்வேர்ல, ஜிபிஎஸ் டேப்ல ஒவ்வொரு சேட்டிலைட்டோட சிக்னல் பலத்துக்கும் ஒரு பார் தெரியும், 40க்கு மேல நின்ன பாரெல்லாம் 25, 28னு சுருங்கிருச்சு. கேமரா கேபிள்ல இருந்து வர்ற நாய்ஸ் தான். நீங்களும் வாங்குனா மொதல்ல இந்த டெஸ்ட்ட பண்ணுங்க, யுஎஸ்பில எத்தன, லிப்போல எத்தன, ரெண்டுக்கும் நடுவுல விழற ஓட்டை பெருசா இருந்தா எடம் தப்புன்னு அர்த்தம். அதுவுமில்லாம எஃப்பிவில மொத அடி மூக்குக்குத்தான்.

மூணாவது வால்ல, தட்டையா, விடிஎக்ஸ் ஆன்டெனாவ ஒட்டி. யுஎஸ்பில 16, லிப்போல 11. பரவால்ல ரகம்.

நாலாவது தான் இந்த 150 ரூபா மவுண்ட். வால்ல இருந்து ஒரு விரக்கடை ஒயரத்துல, பின்பக்கமா ஒரு 25 டிகிரி சாஞ்ச மாதிரி தட்டு. இந்த சாய்வு ஸ்டைலுக்குன்னு நெனச்சிட்டேன், அப்புறம் தான் மண்டைல ஏறுச்சு, முன்னாடி பறக்கும்போது டிரோன் மூக்க கவுத்துட்டு தான போகுது, அப்ப பின்னாடி சாஞ்ச தட்டு நேரா வானத்த பாக்கும். கீழ இருந்து வர்ற நாய்ஸ மறைக்க அடில காப்பர் டேப் ஒட்டி கிரவுண்ட்ல சால்டர் பண்ணேன், ரிமோட் சிக்னல வாங்கற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் ஆன்டெனாவ வால்ல இருந்து கழட்டி முன்னாடி ஆர்முக்கு மாத்துனேன். யுஎஸ்பில 19, லிப்போல 17. அவ்ளோதான், அதுக்கப்புறம் அதத் தொடவே இல்ல.

மவுண்ட்ல குறையும் இருக்கு. கூட வந்த டபுள் டேப்பு நம்மூர் வெயிலுக்கு லாயக்கில்ல, கார் டேஷ்போர்டுல அரை மணி நேரம் வெச்சதுக்கே ஜவ்வு மாதிரி இளகி மாட்யூல் தொங்கிட்டு இருந்துச்சு, இப்ப சின்ன ஜிப் டை போட்டிருக்கேன், ஆனா டை ஓட்டறது ஓரத்துல மட்டும், ஆன்டெனாவோட அந்த செராமிக் சதுரத்து மேல எதையும் இறுக்காதீங்க. அப்புறம் பேட்டரி. ஒரு தடவ கிராஷ்ல பேட்டரி பின்னாடி வழுக்கி வந்து மாட்யூல் முகத்துலயே இடிச்சுது. பேட்டரிக்கு அடில சிலிக்கோன் பேட் போட்டு, நடுவுல ஒரு விரல் கேப் விட்ட பொறவு தொந்தரவு இல்ல.

வெயிட் கதை தனி. ஜிபிஎஸ், மவுண்ட் எல்லாம் ஏத்தி, அக்கா கேக் செய்யற தராசுல வெச்சா 251. ட்ரோன் விதிகள் 2021 படி 250 கிராம் வரைக்கும் தான் நானோங்கற சின்ன டிரோன் வகை. ஜிப் டை வாலு, ஸ்ட்ராப் நுனி, ஒயர்ல அரை விரக்கடைன்னு நகைக்கடை ஆசாரி மாதிரி ஒக்காந்து வெட்டி 249ல நிப்பாட்டுனேன்.

ஃபீல்டுல மொத சேட்டிலைட் லாக் ரெண்டு மூணு நிமிஷம் எடுக்கும், அதுவரைக்கும் லிப்போ சொருகி வெச்சா விடிஎக்ஸ் தோசைக்கல்லு ஆயிரும். அதனால பவர் பேங்க யுஎஸ்பில சொருகி மரத்தடில இல்லாம வெட்டவெளில வெச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா வேல முடிஞ்சிருக்கும், மாட்யூல்ல குட்டி பேக்கப் பவர் இருக்கறதால லிப்போவுக்கு மாத்துனதும் சில செகண்டுல திரும்ப புடிச்சிக்குது. டிரோன் தானா கெளம்புன எடத்துக்கு திரும்பற ஜிபிஎஸ் ரெஸ்க்யூவுக்கு டீஃபால்ட்டா 8 சேட்டிலைட் வேணும், நான் 10 வெச்சிருக்கேன். 

போன வாரம் அதே தோப்புல 80 மீட்டர் தள்ளி வேணும்னே ரெஸ்க்யூ சுவிட்ச தட்டுனேன். காம்பஸ் இல்லல்ல, அதனால கொஞ்சம் நேரா ஓட்டிட்டு இருக்கும்போது தட்டுனா தான் அதுக்கு தெச புரியும். மேல ஏறுச்சு, திரும்புச்சு, தென்ன உச்சிக்கு மேலயே நம்ம தலைக்கு நேரா வந்துச்சு, ஃப்ரெண்டு விசிலே அடிச்சிட்டான். லேண்டிங் மட்டும் நானே கைல வாங்கிக்குவேன், ஆறடி தள்ளி வாய்க்கால்ல எறக்குனா யாரு பதில் சொல்றது.

மாட்யூலுக்கு 4 ஸ்டார், ஒண்ணு கொறச்சது அந்த செவப்பு ஒயருக்கு. மவுண்டுக்கு டேப்ப தள்ளிட்டு பாத்தா 5. கருப்பு கலர் தான் கேட்டேன், ஸ்டாக் இல்லன்னு ஆரஞ்சு அனுப்பிட்டாங்க, மொத கடுப்பாயிருச்சு, இப்ப புல்லுல விழுந்தா அந்த ஆரஞ்சு தான் மொதல்ல கண்ணுல படுது.