கேரவனா, கேம்பர் வேனா: சும்மா நிற்கும் நாட்களின் கணக்கு

கடந்த ஏப்ரலில் நானும் என் கணவரும் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்பட்டு, கெரிக், ஜெலி வழியாகக் கோத்தா பாருவை அடைந்து, கிழக்குக் கரையோரமாக மெர்சிங் வரை இறங்கி, குளுவாங், ஆயர் ஈத்தாம் வழியாக வீடு திரும்பினோம். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர், பதினேழு நாட்கள். எங்கள் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்தது ஒற்றை அச்சுக் கேரவன், அதாவது இஞ்சின் இல்லாத சக்கர வீடு. அதற்கு முன் இரண்டு முறை என் தம்பியின் கேம்பர் வேனில், அதாவது கட்டிலும் அடுப்பும் உள்ளேயே பொருத்திய வேனில், பயணம் செய்திருக்கிறோம். அதில் படுத்து எழுந்த பிறகே கேரவனை வாங்கினோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

வேனின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஓட்டுவது எளிது, நிறுத்துவது எளிது, மழையில் இறங்காமலே பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கேரவனின் வசதியும் தெரிந்ததுதான்: செராத்திங் கடற்கரையில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, மீன் வாங்க ஹைலக்ஸில் மட்டும் போய் வந்தோம்.

ஓட்டும் திறமையைப் பற்றி நான் நியாயமாகப் பேச வேண்டும். என் கணவர் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர்; இழுவண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது அவர் கைக்குத் தானாகவே வரும். எனக்கு வராது. பழக்கம் இல்லாதவர்களுக்கு இது எத்தனை நாளில் கைகூடும் என்பதை எங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சுமை ஏற்றும் முறையை யாரும் கற்றுக்கொள்ளலாம்: கேரவனின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியின் மேல் இறங்க வேண்டும், தண்ணீர்க் கலனையும் அரிசி மூட்டையையும் அச்சுக்குப் பின்னால் குவித்தால், வேகம் கூடியதும் வண்டி வாலாட்டத் தொடங்கும்.

இனி, எங்கள் முடிவைத் தீர்மானித்த காரணத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஒரு மாதம் பயணம் போனாலும், மீதிப் பதினொரு மாதமும் வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஆகவே எது நன்றாக ஓடுகிறது என்பதைவிட, எது கெடாமல் நிற்கிறது என்பதே முக்கியமான கேள்வி. நின்றுகொண்டே இருக்கும் வேனில் பேட்டரி இறங்கும், ஓடாவிட்டாலும் இஞ்சின் எண்ணெயைக் காலக்கெடுவில் மாற்ற வேண்டும். எங்களைப் போலத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு எலித் தொல்லை வேறு. எலிகளை ஒடுக்குவதற்கென்றே செம்பனைத் தோட்டங்களில் ஆந்தைக் கூண்டுகள் வைத்திருக்கிறார்கள் என்றால் அவற்றின் பெருக்கத்தைப் புரிந்துகொள்ளலாம். தம்பியின் வேனில் இஞ்சின் மூடியைத் திறந்தபோது, காய்ந்த செம்பனை நார்க் கூட்டுக்கு நடுவே கடித்துப் போட்ட வயர்த் துண்டுகள் கிடந்தன. வேன் மூன்று வாரம் பட்டறையில் கிடந்தது. கட்டில், அடுப்பு, பாத்திரம் எல்லாமே அதோடு பட்டறைக்குப் போய்விட்டன. கேரவனில் கடிப்பதற்கு விளக்கு வயர்களைத் தவிர அதிகம் இல்லை. ஹைலக்ஸோ தினமும் சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடுவதால் அதன் கோளாறு உடனுக்குடன் தெரிந்துவிடுகிறது.

இதற்காகக் கேரவனுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1982இல் திறக்கப்பட்ட கெரிக்–ஜெலி நெடுஞ்சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. இரவில் யானைகள் கடக்கும் சாலை என்பதால் விடிந்த பிறகே ஏறினோம். ஜெலியில் இறங்கி நின்றதும் வழக்கம்போல் சக்கரக் குடத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோனேன். இடப்பக்கம் வெதுவெதுப்பு, வலப்பக்கம் கையை வைக்க முடியவில்லை. “இந்தப் பக்கம் ரொம்பச் சுடுதுங்க” என்றேன். “ஆறட்டும்மா, கழற்றிப் பார்த்துடுவோம்” என்றார். நின்ற மாதங்களில் துருவேறிய பிரேக் கட்டை விலகாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய அவருக்கு இரண்டு மணி நேரமானது. அதிலிருந்து மாதம் ஒரு முறை கேரவனை நாலடி முன்னும் பின்னும் நகர்த்துகிறோம்.

டயரையும் தேய்மானத்தை வைத்து எடைபோடக் கூடாது. கேரவன் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூஞ்சைக்கு நாங்கள் செய்வது, மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்து, குளிர்பெட்டிக் கதவைத் துணி செருகித் திறந்து விடுவது, அவ்வளவுதான்.

மறுவிற்பனையில் எது இலாபம் என்பதில் எனக்கு அனுபவமில்லை, நாங்கள் இன்னும் எதையும் விற்கவில்லை. இரண்டு அச்சுப் பெரிய கேரவனையும் இழுத்ததில்லை. மாதம் இரண்டு முறையாவது வெளியே போகிறவர்களுக்கும், இழுக்கத்தக்க வண்டி இல்லாதவர்களுக்கும், வாசலில் இடம் போதாத தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்காரர்களுக்கும் வேனையே சொல்வேன். ஓடிக்கொண்டே இருக்கும் வேனில் எலி எளிதில் கூடு கட்டுவதில்லை.

கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவமழை என்பதால் எங்கள் கேரவன் இப்போது கூரைக்கடியில் நிற்கிறது. மழை விட்டதும் பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் வைத்து, இந்த முறை சிம்பாங் பூலாயிலிருந்து குவா மூசாங்குக்கு ஏறலாம் என்றிருக்கிறோம்.