பெஞ்சைத் தானாக மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் சந்தா கட்டாதீர்கள்

ஃபேண்டசி பாஸ்கெட்பால் என்பது நிஜ ஆட்டக்காரர்களைக் கொண்டு நாமே அணி அமைத்து, நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் எண்ணிக்கைகளை வைத்து மோதும் இணைய விளையாட்டு. அந்த அணியின் பெஞ்ச் ஆட்டக்காரர்களை (அன்றைக்குக் கணக்கில் சேராமல் வெளியே உட்கார வைத்திருப்பவர்களை) தினமும் தானே மாற்றித் தருவதாகச் சொல்லி மாதச் சந்தா வாங்கும் சேவை ஒன்றை எங்கள் லீக்கில் நாலு அணிகள் நம்பின. நாலுக்கும் நட்டம்தான்.

"ஆட்டம் தொடங்கும் நொடி வரை கண்காணிப்பு" என்பது விளம்பரம். ஆனால் அவர்களுடைய ஹிஸ்டரி பக்கத்தையே திறந்து பாருங்கள்: நாளுக்கு ஒரே ஒரு மாற்றம், அதுவும் முதல் ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே. அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவுக்கு இது எந்த மூலைக்கு? காயப் பட்டியலில் 'க்வெஸ்ச்சனபிள்' (ஆடுவது சந்தேகம்) என்று இருப்பவர் ஆடுவாரா என்பது பல நாள் கடைசி அரைமணியில்தான் தெரியும். முதல் ஐவர் பட்டியலே ஆட்டத்துக்கு 30 நிமிடம் முன்புதான் வரும்.

இதைவிட மோசம், இடம் ஒதுக்கும் விதம். ஆட்டக்காரர் வாரியாகப் பூட்டும் லீக்கில், அவரவர் ஆட்டம் தொடங்கியதும் அவர் இருக்கும் இடம் பூட்டிக்கொள்ளும். உங்களிடம் ஸ்மால் ஃபார்வர்ட் என்ற நிலையில் ஆடுபவர்கள் இருவர் என்று வையுங்கள்: ஒருவருக்கு 7 மணி ஆட்டம், மற்றவருக்கு 10.30. இந்தச் சேவை 7 மணிக்காரரை யுடிலிட்டியிலும் (எந்த நிலை ஆட்டக்காரரையும் ஏற்கும் இடம்) 10.30காரரை ஸ்மால் ஃபார்வர்ட் இடத்திலும் போட்டது. பத்து மணிக்கு இரண்டாமவர் 'அவுட்', அதாவது ஆடமாட்டார். பெஞ்சில் 10.30 ஆட்டம் உள்ளவர், சென்டர் என்ற வேறு நிலையில் ஆடும் ஒருவர் மட்டுமே. ஸ்மால் ஃபார்வர்ட் இடம் அவரை ஏற்காது. யுடிலிட்டியோ 7 மணிக்கே பூட்டியாகிவிட்டது. அந்த இடத்துக்குப் பூஜ்யம். திருப்பிப் போட்டிருந்தால் சென்டர் யுடிலிட்டியில் நேராக உட்கார்ந்திருப்பார். முந்தி ஆடுபவருக்குக் குறுகிய இடம், பிந்தி ஆடுபவருக்கு யுடிலிட்டி. கையால் செய்தால் இரண்டு நிமிட வேலை, இதற்குப் போய்க் காசு வாங்குகிறார்கள்.

புள்ளி, ரீபவுண்ட் என்று ஒன்பது எண்ணிக்கைகளில் தனித்தனியாக மோதும் ஒன்பது பிரிவு லீக்கில் இன்னொரு கேடு உண்டு. காலி இடத்தைக் கண்டால் இந்தச் சேவை யாரையாவது நிரப்பிவிடும். வாரத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை டர்ன்ஓவரில் (பந்தை எதிரணியிடம் இழப்பது; குறைவாக இருப்பவருக்கே வெற்றி) நீங்கள் 62, எதிரணி 64, அவர்களுக்கு ஆட்டம் மிச்சமில்லை என்றால், பந்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு பாயிண்ட் கார்டை உள்ளே இறக்குவது கைக்கு வந்த பிரிவைத் தூக்கிக் கொடுப்பதுதான்.

எல்லாவற்றுக்கும் மேல், சேர்க்க-நீக்க அனுமதியை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அன்றைக்கு ஆட்டம் இல்லை என்பதற்காக நல்ல பெஞ்ச் ஆட்டக்காரரை நீக்கிவிட்டு, ஒருநாள் ஆளைச் சேர்த்தது இது. நீக்கப்பட்டவர் வேவர்ஸுக்கு (நீக்கப்பட்டவர்களை மற்ற அணிகள் கேட்டு எடுக்கும் பட்டியல்) போய், வேறு அணி அள்ளிக்கொண்டது. லீக்கை நடத்தும் கமிஷனரும் திருப்பித் தர மாட்டார். உங்கள் கணக்கிலிருந்து நடந்தது உங்கள் முடிவாகவே கருதப்படும்.

ஏற்கெனவே கட்டியிருந்தால், முதலில் ஃபேண்டசி கணக்கின் அமைப்புகளில் அந்தச் சேவைக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். கடவுச்சொல்லையே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கார்டில் தானியங்கிப் புதுப்பிப்பைத் தனியாக நிறுத்த வேண்டும். செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. ஹிஸ்டரி பக்கத்தையும் விளம்பர வாசகத்தையும் ஒரே நாளில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகே பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.