நாயகன் காணாமல் போன இரண்டு பாகங்கள்: மறுவாசிப்பில் எது தேறுகிறது?

நெடுந்தொடர் நாவல்களின் ரசிகர்களிடம் கேட்டால், "அந்த ஒரு பாகத்தை மட்டும் தாண்டிப் போயிடு" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வீல் ஆஃப் டைம் என்ற ஃபேன்டஸி தொடரைப் படித்தவர்களுக்கு அது பத்தாம் பாகம், கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட் (2003). இன்னொரு ஃபேன்டஸி தொடரான சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர் படித்தவர்களுக்கு நான்காம் பாகம், ஃபீஸ்ட் ஃபார் குரோஸ் (2005). இரண்டையும் அடுத்தடுத்து மறுபடி படித்தேன். கதை முடிச்சுகள் சில இங்கே அவிழும். இந்தத் தொடர்களை இன்னும் தொடாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் வியாதி ஒன்றுதான்: கதை முன்னே போகாமல் பக்கவாட்டில் நகர்கிறது. வீல் ஆஃப் டைமின் ஒன்பதாம் பாகத்தின் முடிவில் நாயகன் ராண்ட், ஆண்களின் மந்திர சக்தியில் படிந்திருந்த கறையைக் கழுவி முடிக்கிறான். அப்புறம் என்ன என்று பத்தாம் பாகத்தைத் திறந்தால், அந்த நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஆசிரியர் ராபர்ட் ஜோர்டான் ஒவ்வொருவராகக் காட்டுகிறார். தொலைவில் ஏதோ பெரிதாக நடக்கிறது என்று அவர்கள் திகைக்கிறார்கள். நமக்குத்தான் அது என்னவென்று தெரியுமே! ராண்ட் சில பக்கங்களுக்குத் தலைகாட்டிவிட்டுப் போகிறான். ஃபீஸ்டை எழுதிய ஜார்ஜ் மார்ட்டினோ, எழுதியது பெருத்துப்போனதும் காலத்தால் வெட்டாமல் இடத்தால் வெட்டினார். முக்கியப் பாத்திரங்களான ஜான், டெனேரிஸ், டிரியன் மூவரின் அத்தியாயங்களும் அடுத்த பாகத்துக்குப் போய்விட்டன.

முதல் வாசிப்பில் ஃபீஸ்டில் என்னை எரிச்சல்படுத்தியது பிரியன் என்ற பெண் வீராங்கனைதான். காணாமல்போன சான்ஸா என்ற பெண்ணைத் தேடி ஊர் ஊராக அலைகிறாள். சான்ஸா எங்கே இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், பிரியன் அங்கே போகப்போவதில்லை என்பதும் தெரியும். சரி, பிறகு எதற்கு இந்த அலைச்சல்? மறுவாசிப்பில் தேடலை மறந்துவிட்டு, அவள் கடந்துபோகும் நிலத்தைப் பார்த்தேன். எரிந்த கிராமங்கள், மரத்தில் தொங்கும் உடல்கள், போரிலிருந்து ஓடி மிருகமாகிப்போன சிப்பாய்களைப் பற்றி மெரிபால்ட் என்ற செப்டன் (பூசாரி) பேசும் அந்த நீண்ட பேச்சு. முந்தைய மூன்று பாகங்களின் வெற்றி தோல்விகளுக்கெல்லாம் இங்கேதான் கணக்குத் தீர்க்கிறார்கள். மடத்துத் தீவில் குழி வெட்டும் அந்த உயரமான ஆளை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. அவன் யாராக இருக்கலாம் என்று யோசித்துப் படித்தால் அந்த அத்தியாயமே வேறாகிவிடுகிறது.

கிராஸ்ரோட்ஸில் அப்படி முழுசாக மாறிய பகுதி குறைவு. அரியணைக்குப் போட்டியிடும் எலேனின் பேரங்களும் குளியல் காட்சியும் இப்போதும் இழுவைதான். ஆனால் ராண்டின் நண்பன் பெர்ரினின் கதையில் ஒரு புதையல் இருக்கிறது. மனைவியை மீட்கத் துடிப்பவன், வண்டு விழுந்த தானியத்துக்காகப் பாழடைந்த நகரமொன்றில் மல்லுக்கட்டுகிறான். பிறகு தகவல் கறக்க, கைதி ஒருவனின் கையைக் கோடரியால் வெட்டுகிறான், அந்தக் கோடரியை விட்டுவிட்டு வந்துவிடுகிறான். அந்தக் கோடரியை வெறுக்கும்வரை வைத்துக்கொள், வெறுப்பு போன அன்று வீசிவிடு என்று முதல் பாகத்திலேயே எலையாஸ் என்பவன் பெர்ரினிடம் சொல்லியிருப்பான். ஒன்பது பாகம் தாண்டி வந்து விழும் அந்த அடி, வரிசையாக மறுபடி படிப்பவருக்குத்தான் வலிக்கும். ராண்டின் இன்னொரு நண்பன் மேட்டும் டுவான் என்ற பெண்ணும் சர்க்கஸ் கூட்டத்தோடு போகும் பகுதியும் இப்போது சிரிக்க வைக்கிறது, முடிவு தெரிந்திருப்பதால்.

எழுத்தாக மட்டும் பார்த்தால் ஃபீஸ்ட் பல படி மேலே. இதில் எனக்கு இழுபறியே இல்லை.

ஆனால் முடித்துவிட்டுக் கீழே வைத்தபோது மனநிலை தலைகீழாக இருந்தது. பத்தாம் பாகத்துக்கு முன்பே கடத்தப்பட்ட பெர்ரினின் மனைவி 2005-இல்தான் மீண்டாள். பத்தாம் பாகத்தின் மேல் வாசகர்களுக்கு இருந்த கோபத்தில் பாதி, அந்தப் பல வருடக் காத்திருப்புதான். இன்று அடுத்த பாகத்தை அன்று இரவே தொடங்கலாம். ஜோர்டான் 2007-இல் மறைந்தாலும், பிராண்டன் சாண்டர்சன் 2013-இல் பதினான்காம் பாகத்தோடு கதையை முடித்துவிட்டார். ஃபீஸ்டின் பின்குறிப்போ மறுபாதி அடுத்த வருடம் வரும் என்று நம்பிக்கை தந்தது. வந்தது 2011-இல். ஆறாம் பாகம் இன்னும் வரவில்லை. கதி தெரியாமலே நிற்கும் அந்தக் குழிவெட்டியை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஃபீஸ்டையும் ஐந்தாம் பாகமான டான்ஸ் வித் டிராகன்ஸையும் அத்தியாயம் மாற்றி மாற்றிக் கலந்து படிக்கும் முறை ஒன்று ரசிகர்களிடையே உண்டு. நான் பாதியில் விட்டுவிட்டேன், ஃபீஸ்டில் வரும் அரசி செர்சியின் சரிவில் இருக்கும் மூச்சுமுட்டல் நீர்த்துப்போகிறது. கிராஸ்ரோட்ஸுக்கு ஒலிநூல் நல்ல வழி. பெண்களின் அத்தியாயங்களை கேட் ரீடிங்கும் ஆண்களுடையதை மைக்கேல் கிரேமரும் வாசிக்கிறார்கள். எலேன் குளித்து முடிப்பதற்குள் பாத்திரமெல்லாம் கழுவிவிடலாம்.