ட்விக் 3: டெம்ப்ளேட் லோடர் எப்படி இருக்கிறது?

பிஎச்பி எழுதுபவர்கள் பலரிடமும் சொந்தமாக ஒரு டெம்ப்ளேட் கிளாஸ் இருக்கும். ஃபைலை வாசிக்கும், அடைப்புக்குறிக்குள் உள்ள பெயரை மதிப்பால் மாற்றும், எக்கோ செய்யும். நாலைந்து பக்கத் தளத்துக்கு அது தாராளம். லூப் தேவைப்பட்டதும் திணறும். ஒரே ஒரு இடத்தில் எஸ்கேப் செய்ய (எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக மாற்ற) மறந்தாலும் எக்ஸ்எஸ்எஸ் ஓட்டைதான்; வெளியாள் தன் ஸ்கிரிப்டை உங்கள் பக்கத்தில் ஓடவிடலாம். ட்விக் என்ற பிஎச்பி டெம்ப்ளேட் இன்ஜினில் எச்டிஎம்எல் எஸ்கேப் தானாகவே நடக்கிறது.

பிஎச்பியின் பேக்கேஜ் மேனேஜரான கம்போஸரில் நிறுவியபின் வேண்டியவை இரண்டே ஆப்ஜெக்ட்: ஃபைலைத் தேடும் ஃபைல்சிஸ்டம்லோடர், அதை பிஎச்பியாகக் கம்பைல் செய்து ஓட்டும் என்விரான்மென்ட். பழைய கட்டுரைகளில் அண்டர்ஸ்கோர் போட்ட கிளாஸ் பெயர்கள் கிடக்கும்; 3இல் அவை ஓடாது.

லோடரின் அழகு அது பாதைகளைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. ஃபோல்டர்களை அரேயாகக் கொடுத்தால் முதலில் கிடைக்கும் ஃபைலையே எடுக்கும். தீம் ஃபோல்டரை முன்னால், பொது ஃபோல்டரைப் பின்னால் வையுங்கள். தீமில் ஹெடர் ஃபைல் மட்டும் இருந்தாலும் போதும், மற்றதெல்லாம் பொதுவிலிருந்து வந்துவிடும். ஃபைல் இல்லையென்றால் எந்தெந்த ஃபோல்டரில் தேடியது என்று பிழைச் செய்தியிலேயே வரிசையாகச் சொல்கிறது. டெம்ப்ளேட் பெயரில் இரட்டைப் புள்ளி வைத்து ஃபோல்டருக்கு வெளியே போகப் பார்த்தால் மறுத்துவிடுகிறது.

பலர் மாட்டிக்கொள்வது சார்புப் பாதையில். வெறும் "டெம்ப்ளேட்ஸ்" என்று கொடுத்தால், ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டப்படுகிறதோ அதை வைத்தே லோடர் கணக்குப் போடும். பிரவுசரில் சரியாக ஓடும் பக்கம், கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடும்போது "டைரக்டரி இல்லை" என்று விழும். ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தைத் தரும் __DIR__ மாறிலியைச் சேர்த்து முழுப் பாதையாகவே எழுதுங்கள். விண்டோஸில் ஓடி லினக்ஸில் ஓடாவிட்டால் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பாருங்கள்.

"ஃபைலை மாத்திட்டேன், பக்கம் மாறல" என்ற புகாருக்குக் காரணம் கேஷ், அதாவது கம்பைல் செய்து சேமித்து வைத்த நகல். கேஷ் போட்டு டீபக்கை அணைத்தால் ஆட்டோ ரீலோடும் (ஃபைல் மாறினால் மறுபடி கம்பைல் செய்வது) சேர்ந்தே அணைந்துவிடும். லைவ் சர்வரில் அப்படி இருப்பதுதான் வேகத்துக்கு நல்லது; ஒவ்வொரு டிப்ளாய்க்கும் கேஷ் ஃபோல்டரைக் காலி செய்துவிடுங்கள். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை வெப் சர்வர் யூசருக்கு வேண்டும். ரூட்டாக ஒருமுறை ஓட்டிவிட்டால், ரூட் பெயரில் உருவான சப்ஃபோல்டரில் வெப் சர்வர் எழுத முடியாமல் எக்ஸெப்ஷன் வரும்.

பிடிக்காத ஒன்று: இல்லாத மாறியைக் கேட்டால் பிழை காட்டும் ஸ்ட்ரிக்ட் வேரியபிள்ஸ் இயல்பில் அணைந்தே இருக்கிறது. மாறியின் பெயரில் ஒரு எழுத்து தப்பினால் சத்தமில்லாமல் வெற்றிடம் அச்சாகும். இன்வாய்ஸில் தொகை இருக்க வேண்டிய இடம் காலியாக வாடிக்கையாளர் கைக்குப் போகும். டெவலப்மென்ட் மெஷினிலாவது அதை முதல் நாளே ஆன் செய்துவிடுங்கள்.