மூன்று கிழமை லீவும் ஒரு சுற்றுமதிலும்

போன ஆவணியில் ஊருக்குப் போனது மதிலுக்காகத்தான். நல்லூர்த் திருவிழா என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம், ஆனால் என் பைக்குள் இருந்தவை அம்மாவின் சீதனக் காணி உறுதியும் பக்கத்து வளவுக்காரர் மீது எனக்கு இருந்த சந்தேகமும். அம்மாவைக் கனடாவுக்கு, ஸ்காபரோவுக்குக் கூப்பிட்ட பிறகு யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருக்கிற அந்த நாலு பரப்பு வளவைச் சித்தப்பாதான் பார்க்கிறார். கிடுகு வேலி போய், தகரம் போய், கடைசியில் ஊன்றிய கதியால் தடிகளும் முள்ளுக்கம்பியும் மட்டும் மிஞ்சிய நிலையில், "பற்றையை வெட்டச் சொல்லிச் சபையால நோட்டீஸ் ஒட்டிப்போட்டினம், நுளம்பு பெருகுதாம்" என்று அவர் போன் எடுத்தார். சரி, ஒரேயடியாக மதிலே கட்டிவிடுவோம் என்று கிளம்பினேன். மூன்று கிழமை லீவு, ஒரு மதில் கட்ட அது போதாதா என்ற நினைப்பு.

முதல் நாளே பிழையான கந்தோருக்குப் போனேன். பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. நான் சொன்னால் சிரிப்பீர்கள், முப்பது வருடம் வெளியில் இருந்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். செயலகம் மத்திய அரசுடையது. சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்வது. மதில், கட்டடம், ஒழுங்கை, சோலைவரி என்கிற ஆதனவரி எல்லாம் சபையிடம். செயலகத்தில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் திருப்பி அனுப்பினார், அரை நாள் போனது என் பிழை.

சபையில் உண்மையாகவே நல்ல கவனிப்பு. 2023 பங்குனியோடு பழைய சபைகள் கலைந்து, 2025 வைகாசித் தேர்தல் வரை செயலாளர்கள் மட்டும் நடத்திய இடம், என்ன நிலையில் இருக்குமோ என்று பயந்துகொண்டு போனேன். முகப்பில் இருந்த பிள்ளை ஒரு விண்ணப்பப் படிவத்தைத் தந்து, உறுதியின் பிரதி, நில அளவைப் படம், மதிலின் வரைபடம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். "வேலிக்கு ஆரும் கேக்கிறேல்லை அண்ணா. மதில் எண்டால் அனுமதி எடுக்கவேணும்." சோலைவரி பல வருடமாகக் கட்டவில்லை, அதை அங்கேயே கட்டினேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டொரொண்டோவில் பின்வளவு வேலி 2 மீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லி எங்கள் பலகைகளை அறுக்க வைத்தவர்களை நினைத்துக்கொண்டேன். விதி எங்கேயும் இருக்கிறது, ஊரில் மட்டும் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

சிக்கல் நில அளவைப் படத்தில்தான் வந்தது. அம்மாவின் உறுதியில் படமே இல்லை. இத்தனை பரப்பு "வரகு விதைப்பு" என்ற பழைய நில அளவு, கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி என்று நாலு எல்லை மட்டும். பரப்பு ஒன்று 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கு எனக்குத் தெரியும், ஆனால் அந்த நாலு பரப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கடதாசியில் எங்கும் இல்லை. வடக்கே இருந்ததாக எழுதப்பட்டவர் இறந்து ஐம்பது வருடமாவது இருக்கும்.

அனுமதிப்பத்திரம் உள்ள நில அளவையாளரைத் தேடினால், ஆவணியில் எல்லோருக்கும் வேலை. வெளிநாட்டுக்காரர் எல்லோரும் அந்த நேரம்தான் வருகிறோம், எல்லோருக்கும் காணி அளக்க வேண்டும். ஒன்பது நாள் காத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் சித்தப்பாவுக்கு வடக்குப் பக்கத்து மாமியைப் பற்றித்தான் கதை. வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியாலை நாலு விரல் தள்ளிப் போட்டுப் போட்டே அரைப் பரப்பை விழுங்கிவிட்டார்களாம். அதைவிடப் பத்து வருட ஆட்சிக் கதை வேறு. பத்து வருடம் தடையில்லாமல் காணியை ஆண்டால் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டு யுத்தத்தால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் விசேட ஏற்பாடு ஒன்று கொண்டுவந்தார்கள், அதற்கும் இரண்டு வருடக் கெடு, அது எப்போதோ முடிந்துவிட்டது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு நித்திரை வரவில்லை.

கடைசியில் சேவயர், அதுதான் நில அளவையாளர், வந்தார். அக்கம்பக்கத்துப் பழைய படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு அரை நாள் அளந்தார். வடக்கு வேலி சரியாகத்தான் நின்றது, மாமி பக்கம் ஒரு சாண்கூடப் போகவில்லை. கிழக்கே, ஒழுங்கைப் பக்கம்தான் எங்கள் வேலி இரண்டரை அடி வெளியே நின்றது. விழுங்கியது நாங்கள். சித்தப்பா கொஞ்ச நேரம் பூவரசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, அது உங்கட கொப்பருக்கும் தெரியும். பால்கார வான் திரும்பேலாமல் கத்திறவன், அவர் அசையேல்லை" என்றார். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். அவர் மீது மூன்று மாதமாக மனதுக்குள் வழக்கு நடத்தியவன் நான், அந்தத் தேத்தண்ணியைக் குடிப்பது சுலபமாக இருக்கவில்லை.

அடுத்த கிழமை சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார். அவர் என்ன சொல்லுவார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன், ஆனால் எனக்குப் புதிதாக இருந்தவை பல. இரண்டு காணிகளுக்கு நடுவே எல்லை எது என்று சபை தீர்ப்புச் சொல்லாது. அதற்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, கைகலப்பு வரும் அளவுக்குப் போனால் பொலிஸ், பிறகு நீதிமன்றம். சபை பார்ப்பது வீதிப் பக்கத்தைத்தான். எங்களுடையது சபையின் ஒழுங்கை, அதனால் அவரோடு முடிந்தது. ஏ, பி தர வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் போக வேண்டும், சி, டி தரம் என்றால் மாகாணத் திணைக்களம். மதில் மட்டுமல்ல, அதன் அத்திவாரமும் எங்கள் காணிக்குள் அடங்க வேண்டும். கேற் உள்ளுக்குத்தான் திறக்க வேண்டும். ஒழுங்கை முடங்கும் மூலையைச் சாய்வாக வெட்டிக் கட்டச் சொன்னார், வருகிற வாகனம் தெரிய வேண்டுமே.

அப்புறம் அவர் கேட்ட கேள்வி: "மழை வெள்ளம் எங்கால போறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. சித்தப்பாவுக்குத் தெரிந்திருந்தது, மேற்கிலிருந்து வந்து எங்கள் வளவுக்குள்ளால் ஒழுங்கைக்கு ஓடும். கதியால் வேலி இருந்த காலத்தில் தண்ணீர் தன்பாட்டில் போனது, யாரும் அதை யோசிக்கவே இல்லை. இப்போது எல்லோரும் சீமெந்துக் கல்லால் சுற்றி அடைத்துவிட்டு, கார்த்திகையில் வீட்டுக்குள் வெள்ளம் என்று படம் போடுகிறோம். அடியில் எங்கெங்கே ஓட்டை விட வேண்டும் என்று என் வரைபடத்திலேயே பேனையால் குறித்துத் தந்தார்.

மதில் என் லீவுக்குள் முடியவில்லை. விண்ணப்பங்களை எடுக்கும் திட்டமிடல் குழு மாதத்துக்கு ஒரு முறைதான் கூடுகிறது, அந்த மாதக் கூட்டம் முடிந்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, முதலே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். எனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கச் சித்தப்பா பேரில் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். இனிப் போகிறவர்கள் படத்தை முதலில் எடுப்பியுங்கள், சொந்தக்காரரை வைத்து ஆனியிலேயே சேவயரைப் பிடியுங்கள், ரிக்கெற் அதற்குப் பிறகு.

அனுமதி புரட்டாசியில் வந்தது, மதில் ஐப்பசிக் கடைசியில் எழும்பியது, இரண்டரை அடி உள்ளே. வடக்குப் பக்கம் மட்டும் இன்னும் கதியால்தான். அங்கே மதில் வேண்டாம் என்று மாமி சொல்லவில்லை, வேலியில் ஆள் நுழைகிற பொட்டை மட்டும் அடைக்காதே என்றார், கிணற்றுக்கு வர அதுதான் வழியாம். கட்டினால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கேற் போட வேண்டும், அது எந்தப் பக்கம் திறப்பது என்று அவரும் சித்தப்பாவும் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்.