ஈடிபஸா, மேக்பெத்தா: எதை முதலில் படிப்பது?

அவல நாடகம் படிக்கத் தொடங்குபவர்கள் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தயங்குகிறார்கள்.

நீளம்: பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ஈடிபஸ் ஒரே மூச்சில் முடியும். மேக்பெத் ஐந்து அங்கம். ஆனாலும் ஷேக்ஸ்பியரின் அவல நாடகங்களில் இதுதான் சிறியது.

வீழ்ச்சி: ஈடிபஸ், தெரியாமல் செய்த குற்றத்தைத் தானே விசாரித்துக் கண்டுபிடிக்கிறான். மேக்பெத் தெரிந்தே மன்னன் டங்கனைக் கொல்கிறான். அப்புறம் கொலைமேல் கொலை.

முடிவு: மேக்பெத்தின் வெட்டுண்ட தலை மேடைக்கு வருகிறது. ஈடிபஸோ தன் நாடகத்தில் சாவதே இல்லை. தூக்கிட்டு இறந்த, தன் தாயும் மனைவியுமான யொகாஸ்டாவின் ஆடை ஊசிகளை எடுத்துத் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். அதையும் நாம் பார்ப்பதில்லை, தூதன் சொல்லக் கேட்கிறோம். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.

சரி, கதைக்கட்டின் இறுக்கம் பிடித்தவர்களுக்கு ஈடிபஸ். ஒரு மனம் படிப்படியாகக் கெடுவதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு மேக்பெத்.